ஓவனுக்குள் உரிந்த வெள்ளை

ஆஸ்லின் அப்பாவுக்கு,

மைக்ரோவேவ் ஓவனைத் திறக்காதீர்கள். உள்ளே பெயிண்ட் ஈரமாக இருக்கிறது. சோறும் கருவாட்டுக் குழம்பும் அடுப்படியில் மூடி வைத்திருக்கிறேன். குழம்பைக் கேஸில் சுட வைத்துக்கொள்ளுங்கள்.

நேற்று ஓவனைத் துடைத்தபோது உள்ளே வெள்ளை பெயிண்ட் செதில் செதிலாக உரிந்து வந்தது. "ஏட்டி, கோவில்பட்டி கடையில புதுசா வாங்குனது" என்று கொண்டுவந்தீர்களே, அதேதான். உரிந்த இடத்தில் கறுப்பாக ஒரு தழும்பு. அது எனக்குத் தெரியாதா? போன கிறிஸ்துமஸுக்கு உங்கள் அக்கா வீட்டு ஓவனில் சில்வர் டம்ளரை வைத்துத் தீப்பொறி பறக்கவிட்டவள் நான்தானே.

அக்காவுடைய பழசு என்று சொல்லியிருந்தால் சந்தோஷமாகவே வாங்கியிருப்பேன். உங்களை நம்பிச் சபையில் எழுந்து நின்று சாட்சி சொன்னேன்: "கல்யாண நாளுக்கு எங்க வீட்ல அவிய புது ஓவன் வாங்கித் தந்திருக்காவ, கர்த்தருக்கு ஸ்தோத்திரம்." முன்வரிசையிலிருந்து உங்கள் அக்கா சத்தமாக "ஆமென்" சொன்னார்கள். ஆண்கள் பக்கத்திலிருந்து நீங்களும் சொன்னீர்கள்.

நீங்கள் அடித்தது வாசல் கேட்டுக்கு அடிக்கிற பெயிண்ட். பிள்ளை சாப்பாட்டில் விழுந்தால் என்ன ஆகும்? எல்லாவற்றையும் சுரண்டிவிட்டு, ஓவனுக்கென்றே விற்கிற பெயிண்டை அடித்திருக்கிறேன். அந்தத் தழும்பை மட்டும் விட்டுவைத்திருக்கிறேன். அதை நான் வந்தபிறகு, என் கண் முன்னால் நீங்கள் அடியுங்கள்.

ஆஸ்லினைக் கூட்டிக்கொண்டு குளத்தூரில் அம்மா வீட்டுக்குப் போகிறேன். சனிக்கிழமை வருவோம்.

சபிதா

மறந்துவிட்டேன், பால் பிரிட்ஜில் இருக்கிறது.

இன்னொன்று. ஞாயிற்றுக்கிழமை சாட்சி நேரத்தில் நீங்கள் எழுந்து நிற்க வேண்டும். நடந்ததை நடந்தபடி சொல்லுங்கள். ஆமென் நான் சொல்கிறேன்.