ஊறுகாய் வாசனை அடித்த ரோஜா

மாமா,

இன்று காலை வேலைக்குப் போகும்போது பஜாரில் நடக்கவே வழியில்லை. பரிசுக் கடை வாசலில் சிவப்புப் பலூன்களைக் கொத்துக் கொத்தாகத் தொங்கவிட்டிருக்கிறார்கள். ஒவ்வொரு ரோஜாவுக்கும் ஒரு பிளாஸ்டிக் சட்டை, கழுத்தில் ரிப்பன். காதலர் தினமாம். கடைப் பெண் என்னைப் பார்த்து, "அக்கா, வூட்டுக்காரருக்கு ஒண்ணு வாங்கிக்கினு போங்க" என்றாள்.

"அவரு போய்ச் சேந்து ரெண்டு வருஷமாவுது கண்ணு. அங்கல்லாம் டெலிவரி உண்டா?" என்றேன்.

அவள் முகம் சுண்டிப்போனது. சிரித்துக்கொண்டேதான் சொன்னேன், ஆனால் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. ஒரு பூவை எடுத்து மோந்து பார்த்தேன். வாசனையே இல்லை. எனக்குத் தெரிந்த ரோஜாவில் எலுமிச்சங்காய் ஊறுகாய் வாசனை அடிக்கும்.

நமக்குக் கல்யாணமாகி நாலாவது வருஷம், இதே காதலர் தினம். சுரங்கத்தில் காண்ட்ராக்ட் வேலை உங்களுக்கு. முதல் ஷிஃப்ட் முடிந்து, காது மடலில் கரித்தூளோடு வந்து, சோற்று டப்பாவை என்னிடம் நீட்டி, "தொறந்து பாரு" என்றீர்கள். உள்ளே ஒரு ரோஜா. கூட சைக்கிளில் வருகிறவர்கள் கண்ணில் படக்கூடாதென்று அதில் ஒளித்துக் கொண்டுவந்திருந்தீர்கள். இதழெல்லாம் ஊறுகாய் எண்ணெய்.

நான் என்ன செய்தேன்? குழாயடியில் நின்ற பெண்களையெல்லாம் கூப்பிட்டேன். "வாங்கடி, எங்க மாமா ரோஜாப்பூ கொழம்பு எடுத்தாந்திருக்காரு."

"அண்ணே, நாளைக்கு மல்லிப்பூ பொரியலா?" என்று ஒருத்தி கேட்டாள். நீங்களும் சிரித்தீர்கள். அப்புறம் வெகுநேரம் முகம் கழுவினீர்கள். பூவை சாமி படத்தில் செருகிவிட்டுப் படுத்துக்கொண்டீர்கள்.

அதற்குப் பிறகு பூ வரவேயில்லை. வருஷா வருஷம் அந்த நாளில், "என்னா மாமா, இன்னிக்குக் கொழம்பு இல்லியா?" என்று சீண்டுவேன். "டப்பா ஓட்டை" என்பீர்கள். அவ்வளவுதான்.

கடைக்காரன் உண்டாக்கிய நாளுக்கு நாம் எதற்கு ஆட வேண்டும், பாசம் வருஷம் பூராவும் இருக்க வேண்டியது என்று ஊரெல்லாம் பேசினவள் நான். பெரிய பேச்சு. வருஷம் பூராவும் நாம் என்ன பேசினோம்? ரேஷன், தண்ணி, ஷிஃப்ட். பொங்கலுக்குத் துணி எடுத்தால் வீட்டில் எல்லோருக்கும் சேர்த்து எடுப்பீர்கள். எனக்கென்று மட்டும் ஒன்றை நீட்ட உங்களுக்கு ஒரு சாக்கு தேவைப்பட்டது. அதைக் கொடுத்தவன் அந்தக் கடைக்காரன்தான். அதை நினைத்தால்தான் பற்றிக்கொண்டு வருகிறது. வியாபாரத்துக்குத் தெரிந்தது, உங்களோடு குடித்தனம் நடத்தியவளுக்குத் தெரியவில்லை.

உங்கள் மேலும் கோபம்தான். வீடு உயர மிஷினுக்குப் பக்கத்தில் நின்று வேலை பார்த்த ஆள், ஒரு பொம்பளை சிரிப்புக்கா பயந்தீர்கள்? மறு வருஷமும் கொண்டுவந்து என் மூஞ்சியில் விட்டெறிந்திருக்கலாமே. நான் இன்னும் கொஞ்சம் சிரித்திருப்பேன். அப்புறம் தலையில் வைத்திருப்பேன்.

தோட்ட வேலைக்கு உங்கள் டப்பாவில்தான் இப்போது சோறு கொண்டுபோகிறேன். இன்று வீட்டுக்கு வந்ததும், கழுவப் போடுமுன் திறந்து பார்த்தேன். நானே தின்று, நானே மூடிய டப்பா. அப்படியும் பார்த்தேன். உள்ளே ஊறுகாய் வாசனை மட்டும் இருந்தது. ஓங்கி அறைந்து மூடினேன்.

மூடி ஏன் இப்படி நெளிந்து கிடக்கிறது, புதுசு வாங்கித் தருகிறேன் என்கிறாள் மகள். வேண்டாம் என்றுவிட்டேன்.