ஒரு தபா

அத்தை, நேற்றுப் பரணிலிருந்து கம்ப்யூட்டரை இறக்கித் தூசி தட்டிக்கொண்டிருந்தேன். மவுஸின் இடது பொத்தானில் உங்கள் மஞ்சள் அப்படியே இருக்கிறது. மீனுக்கு மசாலா தடவிய கையோடு வந்து உட்காராதீர்கள் என்று எவ்வளவு சொல்லியிருப்பேன்! "கய்வினேன்மே" என்று கையை முந்தானையில் துடைத்துக் காட்டுவீர்கள். வலது பொத்தான் இன்னும் புதுசாக இருக்கிறது. அது எதற்கு என்று நீங்கள் கடைசிவரை கேட்கவேயில்லை. ஈரத்துணியை மடித்து ஓரமாக வைத்துவிட்டேன். துடைக்க மனசு வரவில்லை.

கல்யாணமாகி வந்த புதிதில் உங்களுக்கும் எனக்கும் பேசப் பெரிதாக ஒன்றும் இருக்கவில்லை. நான் தூத்துக்குடிக் கடைக்காரர் வீட்டுப் பெண். நீங்கள் ராயபுரத்தில் பிறந்து, அதே ராயபுரத்தில் பக்கத்துத் தெருவில் வாழ்க்கைப்பட்டவர். உங்கள் மகன் லீவு முடிந்ததும் கப்பலேறிவிட்டார். மாமா மத்தியானம் சாப்பிட்டதும் முன்னறையில் பாயை விரித்துப் படுத்துவிடுவார். மிச்சம் நாம் இரண்டு பேர். நீங்கள் "இன்னாமே" என்பீர்கள், நான் "என்னது அத்தை" என்பேன். அதோடு பேச்சு நின்றுவிடும்.

உங்கள் மகன் விட்டுப்போன கம்ப்யூட்டரில் ஒரு போர் ஆட்டம் இருந்தது. ஊர் கட்டலாம், வயல் வைக்கலாம், படை திரட்டலாம், கப்பல் விடலாம். எல்லாம் முறை வைத்துத்தான். ஒருவர் தன் படைகளை நகர்த்தி முடித்து எழுந்த பிறகே அடுத்தவர் உட்காரலாம். நான் தனியாக ஆடுவதைக் கதவோரம் நின்று சில நாள் பார்த்தீர்கள். பிறகு ஒரு நாள் நாற்காலியை இழுத்துப் போட்டு, "எனுக்கும் ஒரு ஊரு குடுமே" என்றீர்கள். இங்கிலீஷ் எழுத்து தெரியாவிட்டால் என்ன, படம் தெரிந்தது. கொஞ்ச நாளிலேயே சோறு வடித்த கையோடு என் எல்லைக்குள் குதிரைப்படை அனுப்ப ஆரம்பித்துவிட்டீர்கள். உறவில் எனக்கு நீங்கள் அத்தை முறை. மத்தியானத்தில் உங்கள் முறை, என் முறை. அந்த இரண்டாவது முறைதான் நம்மை முதலில் ஒட்டவைத்தது என்று நினைக்கிறேன்.

என் முறை நடக்கும்போது நீங்கள் அடுக்களைக்குப் போய்விட வேண்டும் என்பது ஒப்பந்தம். அதை நீங்கள் மதித்த நாள் ஒன்று சொல்லுங்கள் பார்ப்போம். "உப்பு பாரு" என்று கரண்டியோடு வந்து நிற்பீர்கள். நான் உப்பைப் பார்ப்பதற்குள் நீங்கள் என் படையைப் பார்த்துவிடுவீர்கள்.

ஆட்டம் முற்றினால் ஏவுகணை வரும். மற்ற படைகள் அடிபட்டாலும் தேறி மறுபடி சண்டைக்கு வரும். ஏவுகணை போய் அடிக்கும், அதோடு அதன் கதை முடிந்தது. இதை உங்களுக்குச் சொன்னபோது, "ஒரு தபாதானா?" என்று கேட்டீர்கள். எனக்கு அப்போது தபா தெரியாது. எங்கள் ஊரில் தடவைதான். "தப்பா? என்ன தப்பு அத்தை?" என்றேன். நீங்கள் சிரித்த சிரிப்பில் மாமா முன்னறையில் புரண்டு படுத்தார். அன்றிலிருந்து ஏவுகணைக்கு நம் வீட்டில் ஒருதபா என்றே பெயர்.

முதன்முதலாக ஒருதபாக்கள் கைக்கு வந்ததும் நான் அடித்த கூத்து நினைவிருக்கிறதா? இருந்ததையெல்லாம் உங்கள் துறைமுக ஊர்மேல் ஒரே மூச்சில் விட்டேன். மதில் பலம் தரைமட்டம். நான் துள்ளிக் குதித்துக்கொண்டிருந்தேன். நீங்கள் திரையை உற்றுப் பார்த்துவிட்டு, "உன் ஆளு எங்கமே கீறான்?" என்று கேட்டீர்கள். என் காலாட்படை காட்டைத் தாண்டி எங்கேயோ வந்துகொண்டிருந்தது. அவர்கள் வந்து சேர்வதற்குள் உங்கள் முறை வந்தது, மதிலும் தானாகத் தேறிவிட்டது.

"ராக்கெட்டு கதவைத்தான்மே இடிக்கும். உள்ள பூர்றதுக்குக் காலு வோணும்" என்று சொல்லிவிட்டு மீன் கழுவப் போனீர்கள்.

நீங்கள் அதை விட்ட அழகே வேறு. ஒற்றைப் படகு, வயலில் நிற்கும் ஆள் என்று சில்லறை இலக்குகளைத் திரும்பியும் பார்க்கமாட்டீர்கள். முதலில் காலாட்படையை என் ஊருக்குப் பக்கத்துக் காட்டில் கொண்டுவந்து ஒளித்து வைப்பீர்கள். ஒருதபாவைக் கப்பலில் ஏற்றி, எட்டும் தூரத்தில் நிறுத்துவீர்கள். ஊருக்குள் பீரங்கி நின்றால் அதன்மேல்தான் குறி. ஆட்களை அனுப்பினால் பீரங்கி திருப்பி அடிக்கும், அரைவாசிப் பேர் போய்விடுவார்கள். ஒருதபாவை யார் திருப்பி அடிக்க முடியும்? "திருப்பி அடிக்கிறவன் மேலதான் வுடணும். மத்தவனுக்கு ஆளே போதும்" என்பீர்கள். பீரங்கி விழுந்த அதே முறையில் உங்கள் ஆள் உள்ளே நுழைந்திருப்பான். நான் வந்து உட்காரும்போது என் ஊர் உங்கள் நிறத்தில் இருக்கும்.

ஒருதபாவை ஏவாமல் வைத்திருந்தும் என்னைப் படுத்தினீர்கள். உங்கள் துறைமுகத்தில் ஒன்று நிற்கிறது என்று சந்தேகம் வந்தால் போதும், என் கப்பல்கள் அந்தப் பக்கம் தலைவைத்துப் படுக்காது. அப்புறம் பார்த்தால் பல நாள் அங்கே ஒன்றுமே இருந்திருக்காது.

எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் கிரேன் ஓட்டப் பெண்களை எடுக்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, டிப்ளமோவைக் கையில் வைத்திருந்த நான் எழுதிப்போட்டேன். கிடைத்துவிட்டது. முதலில் பயிற்சி, பிறகு வேலை. மாமா ஹார்பரில் கிரேன் ஓட்டி ரிடையர் ஆனவர். சந்தோஷப்படுவார் என்று நினைத்துக்கொண்டு ஓடிப்போய்ச் சொன்னேன். "நான் பாத்த ஹார்பரு எனுக்குத் தெரியும். ஒசரம், ஷிஃப்ட்டு, வாயைத் தொறந்தா கெட்ட வார்த்தை. வேணாம்மா" என்றார். கோபமில்லை, குரல் உயரவில்லை. ஆனால் அந்த வீட்டில் அவர் வேணாம் என்றால் வேணாம்தான். படித்த படிப்புக்கு எனக்கு வந்த முதல் வேலை அது. அது கைவிட்டுப் போனால் இன்னொன்றுக்கு முயற்சி செய்யும் தைரியம் எனக்கு இருந்திருக்காது.

அன்று அடுக்களையில் உங்கள் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க சொன்னா மாமா கேப்பாங்க, சொல்லுங்க அத்தை" என்று அழுதேன். நீங்கள் வெங்காயத்திலிருந்து கண்ணை எடுக்காமல், "உன் ஆளு எங்கமே கீறான்?" என்றீர்கள்.

"இது ஆட்டமில்ல அத்தை!"

"அதான் சொல்றேன். நான் அவர் பேச்சைத் தட்னதே இல்ல. தட்னா ஒரு தபாதான். இப்பவே வுட்டா நாளைக்குள்ள அவர் தேறிடுவாரு."

எனக்குக் கோபமான கோபம். சில நாள் கம்ப்யூட்டர் பக்கமே வரவில்லை. நீங்கள் பாட்டுக்கு வேலையைப் பார்த்தீர்கள். பயிற்சி என்பது படிப்புதானே என்று உங்கள் மகனை விட்டுக் கப்பலிலிருந்து மாமாவிடம் பேசவைத்தீர்கள். அதற்கு அவர் சரி என்றுவிட்டார். பயிற்சியில் என்னோடு இருந்த காசிமேட்டுப் பெண்ணை டீக்குக் கூப்பிட்டு, மாமாவுக்கு எதிரே உட்காரவைத்து, வேன் வீட்டு வாசலில் ஏற்றி வாசலிலேயே இறக்கிவிடும் என்பதை அவள் வாயாலேயே சொல்லவைத்தீர்கள். மாமா பேப்பரை மடித்துவிட்டுக் கேட்டுக்கொண்டிருந்தார். ஆனாலும் வேலை என்றதும், வேணாம் என்றே நின்றார்.

வேலையில் சேரும் நாள் காலை. வேன் வந்து வாசலில் ஹாரன் அடித்தது. நான் பையை மாட்டிக்கொண்டு கூடத்தில் நின்றேன். "வேணாம்னு சொன்னேன்ல" என்றார் மாமா. நீங்கள் கையைத் துடைத்துக்கொண்டே அடுக்களையிலிருந்து வந்தீர்கள்.

"உங்க பேச்சை நான் ஒரு தபாகூடத் தட்னதில்ல. இன்னிக்குத் தட்றேன். அவ போய்ட்டு வரட்டும்."

மாமாவின் முகம் போன போக்கை நான் பார்ப்பதற்குள் என் பக்கம் திரும்பினீர்கள். "இன்னாமே நிக்கிற? வேன் நிக்கிது. போ!" என்று முதுகில் ஒரு தள்ளு. செருப்பை ஒழுங்காக மாட்டாமலே ஓடினேன். சாயங்காலம் திரும்பி வந்தபோது நான் வேலைக்குப் போய் வந்தவள் ஆகியிருந்தேன். அதற்குமேல் மாமா சொல்ல ஒன்றுமில்லை.

உங்களோடு அவர் ரொம்ப நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. குழம்பு நன்றாயிருக்கிறது என்பதைக்கூட, உங்கள் காதில் விழும்படி என்னிடம் சொல்வார். நாம் அடுக்களையில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம்.

கொஞ்ச காலம் கழித்து, மருமகளுக்கு வேலை கிட்டத்தில் இருக்கும் என்று மாமா எர்ணாவூரில் இந்த வீட்டைப் பார்த்தார். எனக்காகத்தான். ஆனால் பாத்திரங்களைக் கோணிப்பையில் போடும்போது நீங்கள் அழுதீர்கள். பிறந்ததிலிருந்து ராயபுரம் தவிர வேறு தெரு அறியாதவர். "மாமாகிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க அத்தை" என்றேன். மூக்கை உறிஞ்சிக்கொண்டு சிரித்தீர்கள்.

"இருந்ததே ஒண்ணுமே. உனுக்கு வுட்டாச்சு. வீணாப் போவல."

இங்கே வந்த பிறகும் மீன் வாங்க பஸ் ஏறிக் காசிமேட்டுக்குத்தான் போனீர்கள். இந்தப் பக்கத்து மீனுக்கு ருசியில்லை என்பீர்கள். மீனை வாங்கிவிட்டு அரைநாள் பழைய தெருவில் உட்கார்ந்து பேசிவிட்டு வருவீர்கள் என்பது எனக்குத் தெரியும். போன மழைக்காலத்தில் காய்ச்சல் என்று ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனோம். "என் முறைதான், ஆட்டத்தைக் கலைச்சிடாத" என்று ஆட்டோவில் ஏறும்போது சொன்னீர்கள். கலைக்கவில்லை அத்தை. நீங்கள்தான் திரும்பி வரவில்லை.

நேற்று எனக்கு லீவு. மத்தியானம் கம்ப்யூட்டரைப் போட்டால் ஆட்டம் அப்படியே வந்து நின்றது. என் தலைநகருக்குப் பக்கத்துக் காட்டில் உங்கள் காலாட்படை. கரைக்கு அப்பால் உங்கள் கப்பல். எப்போது என் படையைப் பார்த்தீர்களோ, நாசமாய்ப் போன அந்த உப்பு! நான் திரையைப் பார்த்து அழுதுகொண்டிருந்தேன். பின்னால் மாமா வந்து நின்றது தெரியவில்லை.

"இதானே அவ ஆடுவா?"

"ஆமா மாமா. இது அத்தையோட முறை."

நாற்காலியை இழுத்துப் போட்டு உங்கள் இடத்தில் உட்கார்ந்தார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு, கப்பலில் இருந்ததை விரலால் தொட்டு, "இது?" என்றார்.

"அது... ஒருதபா."

"தெரியும். என் மேல வுட்டதுதானே."

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. "கண்ணை மூடிக்கினா தூங்கறேன்னு அர்த்தமா? ரெண்டு பேரும் அடிச்ச கூத்து மொத்தமும் காதுல வுழுந்துகினுதான் இருந்திச்சு" என்றார். திரையைப் பார்த்தபடியே சொன்னார், "ராயபுரத்து வூட்டைக் காலி பண்றப்போ ஒரு வார்த்தை சொல்லுவான்னு பாத்தேன். பாத்திரம் கட்னா, துணி கட்னா, அழுதா. சொல்லவேயில்ல. சொல்லியிருந்தா நின்னிருப்பேம்மா."

"அவங்ககிட்ட ஒண்ணுதான் இருந்துச்சாம் மாமா. அதை எனக்காக..."

"யாரு சொன்னது? வாய்ப்பேச்சு இன்னா ராக்கெட்டாம்மா, ஒரு தபா வுட்டா தீர்ந்து போறதுக்கு?"

"நீங்களாவது கேட்டிருக்கலாமே மாமா."

"எனுக்கும் கேக்க வரல" என்றார். அவருக்கும் கண் கலங்கியிருந்தது.

ஆட்டத்துக்குச் சரியான கணக்கை வீட்டுக்குள் கொண்டுவந்துவிட்டோமே அத்தை. நீங்கள் மட்டுமா, நானும் அதை அப்படியே நம்பினேனே. இன்னும் ஒரு தபா நீங்கள் வாயைத் திறந்திருந்தால் கடைசிவரை உங்கள் தெருவிலேயே இருந்திருப்பீர்கள். நினைக்க நினைக்க ஆறவில்லை.

உங்கள் முறையை மாமா ஆடினார். மஞ்சள் ஒட்டிய பொத்தானில் விரலை வைத்து, எங்கே அமுக்க வேண்டும் என்று என்னிடம் கேட்டார். ஒருதபா போய் என் பீரங்கியை அடித்தது. நான் சொல்லிக்கொடுப்பதற்கு முன்பே, "இப்போ ஆளை உள்ள அனுப்பணும்ல?" என்றார். அனுப்பினார். என் தலைநகரம் விழுந்தது. நீங்கள் ஜெயித்துவிட்டீர்கள் அத்தை, மாமா கையால்.

திரையில் வாண வேடிக்கை முடிவதற்குள், "மாமா, ராயபுரத்துக்கே போயிடலாமா?" என்று கேட்டேன். உங்களிடம் மிச்சம் இருந்ததை நான் எடுத்துப் பேசினேன் என்று வைத்துக்கொள்ளுங்கள். "அவ இல்லாம அங்க இன்னா? வேணாம்மா" என்றார். முன்பென்றால் அந்த ஒரு வேணாமிலேயே நான் சுருண்டிருப்பேன். இன்று காலை காப்பி கொடுக்கும்போது மறுபடி கேட்டேன். "நேத்தே சொன்னேனே, வேணாம்னு" என்றார். நேற்றைய வேணாமுக்கு இது கொஞ்சம் மெலிசு. காப்பியைக் குடித்து முடித்துவிட்டு, ராயபுரத்துத் தெருமுனைப் பால்காரர் இன்னும் அங்கேதான் இருக்கிறாரா என்று விசாரித்தார்.

உங்கள் மகனிடம் போனில் பேசிவிட்டேன். காசிமேட்டுத் தோழி நம் பழைய தெருவிலேயே வீடு பார்த்துக்கொண்டிருக்கிறாள். சாயங்காலம் ஷிஃப்ட் முடிந்து வந்து இன்னொரு தபா கேட்பேன். நாளைக்கும் கேட்பேன். உங்கள் ஆள் வாசலில்தான் நிற்கிறாள், அத்தை.