மாப்பிள்ளை வருவதற்குள்

ஜனவரி 14

பழைய நூற்பாலையின் புகைபோக்கியை இடிக்கும் வேலை எனக்கே கிடைத்துவிட்டது. அவ்வளவு உயரத்தைச் சொன்ன இடத்தில் விழவைக்க இந்தப் பக்கத்தில் என்னை விட்டால் ஆளில்லை. தலைகால் புரியாமல் வீட்டுக்கு வந்து சொன்னேன். வீட்டுக்காரி துணி மடித்துக்கொண்டிருந்தாள்.

“எந்த ஆலை?”

சொன்னேன்.

“மேல கூடு இருக்குமே, அந்தச் சிம்னியா?”

“ஆமா, ஏதோ குப்பை மாதிரி கிடக்கு. அதோட சேர்ந்து வந்துடும்.”

மடித்த துணியை அப்படியே போட்டுவிட்டு எழுந்து போய்விட்டாள். தினமும் போனில் ஏதோ நாரைக் கூடு பார்க்கிறாள் என்று தெரியும். அது இந்தக் கூடு என்று எனக்கு எப்படித் தெரியும்?

ஜனவரி 16

பேச்சில்லை. சாப்பாடு மட்டும் உண்டு. தட்டை வைக்கிற சத்தத்திலேயே மீதி புரிகிறது.

ஜனவரி 20

இன்று நானே போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தேன். போனில் அந்தக் கூடு. ஆலை ஓடிய காலத்தில் தொழிலாளிகள் தண்ணீர்த் தொட்டிமேல் வைத்த கேமரா. ஆலை மூடியும் அது ஓடுகிறது. எங்கெங்கோ இருப்பவர்களெல்லாம் பார்க்கிறார்களாம். அவர்களுக்கு ஒரு குரூப் வேறு.

“காலிக் கூட்டை என்ன பார்க்கிற?”

“யாராவது வந்து பிரிச்சுப் போட்டுடுவாங்களோன்னு பார்க்கிறேன்.” என் பக்கம் திரும்பி, “வந்தாச்சு” என்றாள்.

என்னைத்தான்.

பிறகு மனம் இரங்கி வரைபடத்தைக் காட்டினாள். தெற்கே, பாலைவனத்துக்கு அப்பால், புல்வெளி நடுவில் ஒரு சிவப்புப் புள்ளி. அதுதான் மாப்பிள்ளை. செங்கால் நாரை, ஆண்; குளிருக்குத் தெற்கே போயிருக்கிறது. முதுகில் கட்டிய சின்னக் கருவி அது இருக்கும் இடத்தைச் சொல்கிறது. பெண்ணுக்குப் பெயர் சீமாட்டி. அவளுக்குக் கருவி இல்லை, காலில் வளையம் மட்டும். வசந்தத்தில் மாப்பிள்ளைதான் முதலில் வருவான். கூட்டைச் சரிபண்ணி வைத்துவிட்டு அவளுக்காகக் காத்திருப்பான். ஒவ்வொரு வருஷமும்.

என் மாமனார்கூட என்னை இத்தனை மரியாதையாக மாப்பிள்ளை என்று கூப்பிட்டதில்லை.

ஜனவரி 28

ஆலையில் கூட்டம். மேனேஜர், பறவை ஆய்வாளர் அம்மா, நான். பறவை இல்லாதபோது கூட்டை எடுக்க அனுமதி இருக்கிறது. இடம் விற்றாகிவிட்டது, மார்ச் பாதிக்குள் தரை காலியாக வேண்டும்.

ஆய்வாளர் மெதுவாகச் சொன்னார்: “எடுக்கிறதுக்குப் பதிலா மாத்தி வைக்கலாம். பக்கத்துல ஒரு கம்பம் நட்டு, அதே கூட்டை அப்படியே தூக்கி மேல வைக்கணும்.”

“அதுக்கெல்லாம் எங்ககிட்ட ஏற்பாடு இல்லை” என்றார் மேனேஜர். “இவர் வேலை இடிக்கிறதோட சரி.”

நான் வாயை வைத்துக்கொண்டு சும்மா இருந்திருக்கலாம். “நான் நட்டுத் தர்றேன்” என்றேன். மேனேஜர் கால்வாய் ஓரத்து மூலையைக் காட்டி, அங்கே என்றால் ஆட்சேபமில்லை என்றார். ஆய்வாளர் என்னை ஒரு மாதிரி பார்த்தார். “ஏத்துக்கும்னு உறுதி கிடையாது சார். சில ஜோடி ஏத்துக்கும். சில ஜோடி ஒருதடவை சுத்திப் பார்த்துட்டுப் போயிடும்.”

வீட்டில் சொன்னேன். அவள் போனைக் கீழே வைத்தாள்.

“நீங்க இதுவரைக்கும் எதையாவது நிக்கவச்சிருக்கீங்களா?” என்றாள்.

நியாயமான கேள்வி. நாய்க்குக்கூட ஒரு கொட்டகை போட்டதில்லை.

பிப்ரவரி 9

கம்பம் கிடைத்தது. நான் பிரித்த ஒரு மைதானத்தின் விளக்குக் கம்பம். அதன் தலைக்கு இரும்பு வளையமும் கம்பி வலையும் பற்றவைத்தோம். கிரேன்காரன், என் பழைய கூட்டாளி, சுற்றிச் சுற்றி வந்து பார்த்தான்.

“அண்ணே, இதை எப்ப இடிக்கணும்?”

“இடிக்கிறதில்லைடா. இது நிக்கும்.”

“உடம்பு கிடம்பு சரியில்லையா?”

பிப்ரவரி 17

மாப்பிள்ளை கிளம்பிவிட்டான். வேலையிடத்துக்கே போன் போட்டுச் சொன்னாள். அஸ்திவாரக் கான்கிரீட் இன்னும் ஈரமாக இருக்கிறது. அவனுக்கு என்ன அவசரம்?

பிப்ரவரி 23

காற்று. கிரேனை நிமிர்த்தவே முடியவில்லை. புள்ளி பாலைவனத்துக்குள் நுழைந்துவிட்டது.

பிப்ரவரி 26

மூன்று நாளாகப் புள்ளி நகரவில்லை. அங்கே புழுதிப் புயலாம். குரூப்பில் ஒருவரும் வாயைத் திறக்கவில்லை என்றாள். அவளும் சரியாகச் சாப்பிடவில்லை. கருவி ஒரே இடத்தில் கிடந்தால் என்ன அர்த்தம் என்று அவளுக்குத் தெரியும். எனக்கும் இப்போது தெரியும்.

இங்கேயும் காற்று. இரண்டு பேரும் மாட்டிக்கொண்டோம் — அவன் அங்கே, நான் இங்கே.

நான் எதற்குக் கால்மணிக்கொரு தடவை போனைப் பார்க்கிறேன்?

பிப்ரவரி 27

நகர்ந்துவிட்டான்.

கிரேன்காரனிடம் சொன்னேன். “யாரு, நம்ம மாப்பிள்ளையா?” என்றான். இவனும் பார்க்க ஆரம்பித்துவிட்டான் போல.

மார்ச் 3

காற்று நின்றது. கூட்டைத் தூக்கினோம்.

கிரேனில் ஆள் ஏறும் தொட்டியில் நின்று முதன்முறையாக அதைப் பக்கத்தில் பார்த்தேன். குப்பை என்று சொன்னேனே! வருஷாவருஷம் அடுக்கி அடுக்கி ஒரு மேடாகவே வளர்ந்திருக்கிறது. குச்சி, வைக்கோல், மண், ஒரு கையுறை, சாயம்போன நூல்கண்டு. அடியில் குருவிகள் குடித்தனம் வைத்திருந்த பொந்துகள். என் ஆட்கள் கட்டுகிற சாரம்கூட இத்தனை உறுதியில்லை.

அடியில் இரும்புத் தகடுகளை ஒவ்வொன்றாகச் செருகினோம். தூக்கும்போது கிரேன் அலறியது. நாங்கள் நினைத்ததைவிடப் பல மடங்கு கனம்.

“இறக்கிடவாண்ணே?”

“இறக்குனா உடைஞ்சுடும். மெதுவா வா.”

அந்தரத்தில் அது லேசாகத் திரும்பியது. ஒரு குச்சி விழுந்தது. இன்னொன்று. பிறகு கம்பத்துத் தலையில் வந்து, அளவெடுத்துத் தைத்த தொப்பி மாதிரி உட்கார்ந்தது.

கீழே என் ஆட்கள் கைதட்டினார்கள். எத்தனையோ கட்டடங்களை விழவைத்திருக்கிறேன், அப்போதெல்லாம் புழுதிக்குப் பயந்து ஓடத்தான் செய்வார்கள்.

மார்ச் 7

புகைபோக்கி விழுந்தது. வெட்டி வைத்த பள்ளத்துக்குள், கோடு போட்டதுபோல். கம்பத்தின் பக்கம் ஒரு செங்கல்கூடத் தெறிக்கவில்லை. மேனேஜரே வந்து கைகொடுத்தார்.

அவள் வேலிக்கு வெளியே நின்றிருந்தாள். புழுதி அடங்கியதும் வானத்தைத்தான் பார்த்தாள். “அவன் தேடிவர்ற அடையாளமே அதுதானே” என்றாள்.

கேமராவைக் கம்பத்தின் பக்கம் திருப்பிவைத்தேன்.

மார்ச் 10

கடலின் குறுக்கே நாரைகள் பறக்காதாம். நிலத்தை ஒட்டிச் சுற்றி, குறுகலான இடத்தில் தாண்டி வந்துவிட்டான். நாளைக்கு வந்துவிடுவான் என்கிறாள். படுக்கை விரிப்பை மாற்றாத குறை.

மார்ச் 11

வந்தான். அதை எப்படி எழுதுவது?

மத்தியானம், நாங்கள் இருவரும் ஆலை வாசலில். உயரத்தில் ஒரு கோடு, பிறகு சிறகு, பிறகு சிவப்புக் கால்கள். நேராகப் புகைபோக்கி இருந்த இடத்துக்கு வந்தான். காலை நீட்டினான், இறங்க. அங்கே ஒன்றுமில்லை. சுற்றினான். மறுபடியும் அதே இடம், அதே உயரம், காலை நீட்டினான்.

எத்தனை தடவை என்று நான் எண்ணவில்லை. எண்ண முடியவில்லை.

கம்பத்தை ஒருதடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. பிறகு போய்விட்டான்.

அவள் என்னைத் திட்டியிருக்கலாம். என் கையைப் பிடித்துக்கொண்டாள். அது அதைவிடக் கஷ்டமாக இருந்தது. அத்தனை தூரம் பறந்து வந்தவன், வீட்டு வாசலில் — என்ன மனுஷன் நான்?

மார்ச் 12

புள்ளி பக்கத்து ஊர் செல்போன் கோபுரத்தில் இருக்கிறது. காலையில் அவள்தான் என்னை எழுப்பினாள்.

“வெள்ளை அடிக்கணும்.”

“எதுக்கு?”

“கம்பத்துத் தலைக்கு. எச்சம் மாதிரி தெரியுமாம். ஆள் இருக்கிற வீடுன்னு நினைச்சு இறங்கும்னு குரூப்ல ஒருத்தர் சொல்றார். ஆய்வாளர் அம்மாகிட்டயும் கேட்டேன், செய்யலாம்னாங்க.”

ஆட்களை அனுப்புகிறேன் என்றேன். முடியாதாம். தானே ஏறுவாளாம். பல்பு மாற்ற ஸ்டூலில் ஏறச் சொன்னால் தலைசுற்றுகிறது என்பவள். சுண்ணாம்பு வாளியோடு கிரேன் தொட்டிக்குள் ஏறி நின்றுவிட்டாள்.

“அண்ணி, கீழ பார்க்காதீங்க” என்று கத்தினான் கிரேன்காரன்.

“நான் எதுக்குக் கீழ பார்க்கிறேன்? நீ ஒழுங்கா மேல ஏத்து.”

விளிம்பு முழுக்கத் தாறுமாறாக அடித்தாள். அப்படித்தான் அடிக்க வேண்டுமாம், பறவை சுத்தமாகவா போகும் என்றாள். அவள் முழங்கை, என் சட்டை, கிரேன் கண்ணாடி எல்லாம் வெள்ளை. இறங்கியதும் மண்ணில் உட்கார்ந்து, சிரிக்க ஆரம்பித்தாள். நானும்.

மார்ச் 13

வரவில்லை.

மார்ச் 14

வந்தான்.

முதலில் தண்ணீர்த் தொட்டிமேல். கழுத்தை நீட்டிக் கம்பத்தைப் பார்த்தான். வீட்டில் போனுக்கு முன்னால் நாங்கள் தலையோடு தலை முட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஒரு தாவு, இரண்டு சிறகடிப்பு, வெள்ளை விளிம்பில் நின்றான். உள்ளே இறங்கினான். ஒரு குச்சியைக் கவ்வி இழுத்து மறுபக்கம் வைத்தான், தன் வீட்டு நாற்காலியைத் தானே நகர்த்திப் போடுகிறவன்போல. பிறகு தலையை முதுகுவரை சாய்த்து அலகைப் படபடவென்று தட்டினான். போன் வழியாகக் கேட்டது. ஜன்னலைத் திறந்திருந்தால் நேராகவே கேட்டிருக்குமோ என்று அவள் ஓடிப்போய்த் திறந்தாள். நடுவில் பாதி ஊர் இருக்கிறது.

ஆய்வாளர் பேசினார். கிரேன்காரன் பேசினான், குரல் கம்மியிருந்தது, ஜலதோஷமாம். மேனேஜர்கூட ஒரு படம் அனுப்பினார், கம்பத்தடியில் நின்று தானே எடுத்தது.

நான் நிறுத்திவைத்தது நிற்கிறது. அதன்மேல் ஒருவன் நிற்கிறான்.

ஏப்ரல் 2

சீமாட்டி வந்துவிட்டாள். புகைபோக்கியையும் தேடவில்லை, ஒன்றையும் தேடவில்லை. அவன் இருக்கும் இடத்தில் நேராக வந்து இறங்கினாள். இருவரும் அலகு தட்டிய சத்தத்தில் என் வீட்டுக்காரி அழுதுவிட்டாள்.

ஏப்ரல் 19

நான்கு முட்டை.

ஜூன் 6

நான்குமே பிழைத்துவிட்டன. ஆய்வாளர் வளையம் போட ஏறியபோது கிரேன்காரன் எங்களையும் ஏற்றினான். எங்கள் தொட்டி கூட்டை எட்டியதும் குஞ்சுகள் செத்ததுபோல் படுத்துக்கொண்டன. அவை அப்படித்தான் நடிக்குமாம். அவள் ஒன்றைக் கையில் வாங்கினாள். “சூடா இருக்குங்க” என்றாள்.

ஜூலை 16

நேற்று பெரிய குஞ்சு பறந்துவிட்டது. கால்வாய்வரை போய்த் தடுமாறி இறங்கி, ஒன்றும் நடக்காததுபோல் நடந்தது.

இன்று காலை நான் சவரம் செய்துகொண்டிருக்கும்போது போன். யாரோ மின்சார வாரியத்துப் பொறியாளராம், வேறு ஊர். அவர்கள் கம்பத்தில் நாரைக் கூடாம், கம்பிமேல் குச்சி விழுகிறதாம். கூடு மாற்றிவைக்கிறவர் நான்தானா என்று கேட்டார் போல. என் கையில் நுரை. போனை அவள்தான் எடுத்திருந்தாள்.

“ஆமா சார், நாங்கதான்” என்றாள். “பறவை கிளம்பின பிறகுதான் தொடுவோம். அதுவரைக்கும் யாரும் கைவைக்காம நீங்க பார்த்துக்கணும். உயரம் எவ்வளவுன்னு சொல்லுங்க, எழுதிக்கிறேன்.”