மீன்குழம்பில் போடக்கூடாத மஞ்சள்

செல்வி,

துறைமுகத்தில் காலை ஷிப்ட், கிளம்புகிறேன். ஜன்னலோரம் முளைவிட்டிருக்கும் பச்சை மஞ்சளை மீன்குழம்புக்கு அரைத்துவிடாதே. நேற்று ஏரல் சந்தையில் தேடி வாங்கியது.

கடை மஞ்சளைத் தொட்டியில் நட்டு ஒரு மாதமாகத் தண்ணீர் ஊற்றுகிறாய். "ஏளா, அவிச்சுக் காயவச்சத நட்டா முளைக்குமா?" என்று உன் தம்பி முன்னால் நான் சிரித்தது தப்புதான். எனக்கே அது போன வாரம் கடை அண்ணாச்சி சொல்லித்தான் தெரியும்.

உனக்குத் தெரியாமல் இதைப் புதைத்து, நீ நட்டதே முளைத்துவிட்டது என்று சொல்லலாமா என நினைத்தேன். மனசு வரவில்லை. மண்ணைக் கிளறி வைத்திருக்கிறேன், நீயே நடு.

டீ பிளாஸ்கில் இருக்கிறது.

மகாராஜன்

சொல்ல மறந்தேன்: தைப்பொங்கலுக்குள் இலையோடு வளர்ந்துவிடும். பானையில் அதைத்தான் கட்ட வேண்டும். அதுவரைக்கும் பேசாமல் இருந்துவிடாதே.