யஹைரா அனுப்பிய ஓடைப் படம்

டிசம்பர் 4

தலைமையாசிரியர் ஒல்மேதோ என்னிடம் முகம் கொடுத்துப் பேசுவதில்லை. அரசாங்கம் காஸ் சிலிண்டர் இலவசமாகத் தருகிறது என்று அவர் பெற்றோர் குழுவில் போட்ட செய்தியை, என் பத்தாம் வகுப்புப் பிள்ளைகள் மணி அடிப்பதற்குள் பொய்யென்று காட்டிவிட்டார்கள். யார் முதலில் போட்டது, படம் எங்கிருந்து வந்தது, என்ன தேதி - நான் சொல்லிக்கொடுத்த மூன்றே கேள்விகள். பைரன்தான் முதலில் பிடித்தான். கெட்டிக்காரப் பயல்.

அவன் அப்பா வில்ஃபிரிதோ ஓடைக்கரையில் இலையில் சுட்ட மீன் விற்கிறார். சாயங்காலம் போனபோது, "எனக்கு எல்லாமே நெசமாத்தான் தெரியுது டீச்சர். இப்பல்லாம் இவன் சொன்னாத்தான் எதையும் நம்புறேன்" என்றார். பெருமையாக இருந்தது.

டிசம்பர் 17

மழை. அம்மாக்கள் குழுவில், மரவள்ளித் தோலைக் காதில் வைத்தால் காய்ச்சல் இறங்குமாம். வகுப்பில் படித்துக் காட்டிச் சிரித்தோம். அந்தப் பெண்கள் எதைத்தான் நம்பமாட்டார்கள்?

டிசம்பர் 28

அப்பாவிகள் தினம். ஒருவரையொருவர் ஏமாற்றி விளையாடும் நாள், காலையிலிருந்து ஊரெல்லாம் புளுகு. மேயர் துறவியாகப் போகிறார் என்று வானொலியிலேயே சொன்னார்கள். நம்பினவருக்கு 'அப்பாவி' பட்டம்.

விடுமுறையானாலும் வகுப்புக் குழு ஓயவில்லை. மதியம் யஹைரா ஒரு படம் போட்டாள். அவள் வீடு மேலே, ஓடை இறங்கும் இடத்தில். படத்தில் தண்ணீரே இல்லை, வெறும் கல். கூடவே அவள் குரல்: "இவ்ளோ மழைல ஓடை நின்னுபோச்சு. மேல மண்ணு சரிஞ்சு அடைச்சிருக்கு. உடைஞ்சா மொத்தமா வரும். கரைல இருக்கறவங்க மேட்டுக்குப் போயிடுங்க."

பைரன் அச்சு அசலாக அதே மாதிரி ஒரு பெரு நாட்டுப் படத்தைத் தேடிப் போட்டான். இன்றைய தேதியையும் சுட்டிக்காட்டினான். கொட்டுகிற மழையில் ஓடை வற்றுமாம்! நான் எழுதினேன்: பைரனுக்குப் பத்துக்குப் பத்து, யஹைராவுக்கு நடிப்புக்கு எட்டு.

டிசம்பர் 29

அவள் சொன்னது உண்மை. நேற்று சாயங்காலம் அடைப்பு உடைந்து வெள்ளம் வந்தது. வில்ஃபிரிதோ போய்விட்டார்.

டிசம்பர் 31

யஹைராவின் அத்தை அதே படத்தை அம்மாக்கள் குழுவிலும் போட்டிருக்கிறாள். அவர்கள் வழக்கம்போல நம்பினார்கள். பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு தேவாலய மேட்டுக்கு ஏறிவிட்டார்கள். ஒல்மேதோவும் ஏறிவிட்டார். நாங்கள் சிரித்தோமே, அத்தனை பேரும் உயிரோடு இருக்கிறார்கள்.

வில்ஃபிரிதோவும் கடையை மூடப் போனாராம். இன்று அடக்கம் முடிந்ததும் அவர் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "'டீச்சரே சொல்லிட்டாங்கப்பா, சும்மா விளையாட்டு'ன்னுட்டு பைரன் பந்தாடப் போயிட்டான். அவரும் சிரிச்சுக்கிட்டே திரும்ப அடுப்பப் பத்த வெச்சாரு."

ஏன் என்னைத் திட்டவில்லை? திட்டித் தொலைத்திருக்கலாமே.

ஜனவரி 6

பள்ளி திறந்தது. பைரன் வரவில்லை. ஒல்மேதோ அறைக்குக் கூப்பிட்டு, தப்பு என்மேல் இல்லை, அந்த நாள் அப்படி என்றார். காஸ் சிலிண்டரை நம்பியவர் எனக்கு ஆறுதல் சொல்கிறார், கேட்டுக்கொண்டு நின்றேன்.

இடைவேளையில் யஹைராவிடம் மன்னிப்புக் கேட்டேன். தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எங்க வீட்டு வாசல்ல நின்னு எடுத்த படம் டீச்சர். எனக்கு ஒரு போன் போட்டிருக்கலாம்ல?"

போட்டிருக்கலாம். மூன்று வருடமாக எனக்குத் தெரிந்த பெண். ஒருநாளும் பொய் சொன்னதில்லை. சொல்பவர் எப்படிப்பட்டவர் என்று பார்க்க என் மூன்று கேள்விகளில் இடமே இல்லை. நான் என்ன பாடம் நடத்தினேன்?

ஜனவரி 19

பைரன் வந்தான். அந்தப் பத்து மதிப்பெண்ணை எடுத்துவிடச் சொன்னான். எடுத்தேன்.

பிப்ரவரி 11

நேற்றிலிருந்து விடாத மழை. யஹைரா வகுப்புக் குழுவை விட்டுப் போய் வெகுநாளாகிறது. போன் போட்டு ஓடை எப்படி இருக்கிறது என்று கேட்டேன்.

"நான் சொல்லி என்ன டீச்சர். நீங்களே வந்து பாத்துக்குங்க" என்று வைத்துவிட்டாள்.

நனைந்துகொண்டே மேலே போனேன். ஓடை ஓடிக்கொண்டிருந்தது. அவள் வெளியே வரவில்லை.