வெளிநாட்டானுக்கு விற்காதே

ஷெஃபீல்டு, இங்கிலாந்து
18-2-1966

அன்புள்ள பெரியநாயகிக்கு,

நான் நலம். உன் இருமல் நின்றதா? அம்மாவின் கால் வீக்கம் எப்படி இருக்கிறது?

எங்கள் எஃகு ஆலையை ஓர் அமெரிக்கக் கம்பெனி விலைக்குக் கேட்கிறதாம். அவர்கள் வந்தால் ஆட்களைக் குறைப்பார்கள், சர்க்காரே எடுத்துக்கொள்ளட்டும் என்று போன வாரம் தொழிற்சங்கத்தார் ஆலை கேட்டுக்கு வெளியே கூட்டம் போட்டார்கள். வேடிக்கை பார்க்கப் போன என் கையில் சங்கத்து டாம் ஓர் அட்டையைத் திணித்தார். 'வெளிநாட்டானுக்கு விற்காதே' என்று எழுதியிருந்தது.

"நானே வெளிநாட்டான்தானே?" என்றேன்.

அவர் சொன்னதை நம் தாமல் ஊர்ப் பேச்சில் சொன்னால், "அட, நீ நம்ம ஆளுப்பா! ஒசரமா கீறே, நல்லா தூக்கிப் புடி!"

அதெப்படி என்று இன்னும் யோசித்துக்கொண்டிருக்கிறேன்.

என் வேலைக்கு ஒன்றும் வராது, கவலைப்படாதே. காஞ்சிபுரம் போனால் மிளகாய்த்தூள் அரைத்து அனுப்பு. பொட்டலத்தைத் தமிழ்ப் பேப்பரிலேயே கட்டு, படிக்க ஆகும்.

ஷிப்டுக்கு நேரமாகிவிட்டது. அந்தக் கூட்டத்தில் எடுத்து இங்கே பத்திரிகையில் வந்த படத்தை இத்துடன் வைத்திருக்கிறேன். இவர்கள் என்னை நடுவில் நிறுத்தியது அன்றைக்கு மட்டும்தான். அட்டையில் என்ன எழுதியிருக்கிறது என்று அம்மா கேட்டால், என் பெயர் என்று சொல்லிவிடு.

உன்
தர்மன்