பால்கனியில் கிடந்த சப்பாத்து

பூம்ப்ளிஸ்
20.01.2019

அன்பு மகள் மதுஜாவுக்கு,

ஒஸ்லோவில் நீ குளிர், காய்ச்சல் அண்டாமல் இருக்க அம்மனை வேண்டிக்கொண்டு எழுதுகிறேன். இங்கே நாங்கள் இருவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன், ஆனால் அது பாதிப் பொய். போனில் சொன்னால் அப்பா பக்கத்தில் நின்று ஒன்றுமில்லை ஒன்றுமில்லை என்று சிரித்து மழுப்பிவிடுவார், அதனால்தான் கடிதம். சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளிக்கூடத்தில் படித்தது மறந்துபோயிருந்தால் எழுத்துக் கூட்டியாவது நீயே வாசி, வேறு யாரிடமும் கொடுத்து வாசிக்க வைக்காதே.

எனக்கு வருகிற ஆத்திரத்தை யாரிடம் கொட்டுவது என்று தெரியவில்லை. அப்பாவுக்கு முதியோர் இல்லத்துச் சமையலறையில் காலை ஐந்தரைக்கு வேலை, அந்த நேரத்துக்கு அங்கே போக பஸ் இல்லை, சைக்கிள்தான். மார்கழியில் இருந்து மழையும் பனியும் மாறி மாறிக் கொட்டுகிறது. கால் விறைக்கிறது என்று முதலில் இரண்டு சோடி காலுறை போட்டார், சப்பாத்து இறுகி இன்னும் கூட விறைத்தது. பிறகு பாண் ரொட்டி வந்த பிளாஸ்டிக் பையைக் காலுறைக்கு மேல் கட்டிக்கொண்டு போனார், மழை உள்ளே போகவில்லை, வேர்வையே காலை நனைத்துவிட்டது. நீ அனுப்பிய கம்பளிக் காலுறை, சப்பாத்துக்கு மேல் மாட்டும் மழை உறை, ஒரு அளவு கூடின சப்பாத்து எல்லாம் வந்து சேர்ந்தது. நீயும் அந்தக் குளிருக்குள் சைக்கிள் ஓடுகிறவள், இனிச் சரிவரும் என்று நம்பினேன். எல்லாவற்றையும் போட்டும் வேலைக்குப் போய் இறங்கும்போது விரல் இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லையாம். ஒழுங்காகப் போடத் தெரியவில்லை என்று அவரைத் திட்டினேன், கண்டதையும் அனுப்புகிறாய் என்று போன கிழமை உன்னையும் திட்டினேன். இரத்தத்தில் சீனி கூடின வருத்தம் உள்ள மனுசன் காலைக் கவனிக்க வேண்டாமா. கேட்டால், எனக்கு ஒண்டும் செய்யேல்லை, நீர் சும்மா கத்தாதேயும் என்பார்.

புதன்கிழமை வேலையால் வந்து காலுறையைக் கழற்றினார், சின்னவிரலில் தோல் உரிந்து இரத்தம் ஒட்டியிருந்தது. அவருக்கு அது தெரியவே இல்லை. உடனே டொக்டரிடம் கூட்டிக்கொண்டு போனேன். இன்னும் ஒரு கிழமை விட்டிருந்தால் விரலையே எடுக்க வேண்டி வந்திருக்கும் என்றார் டொக்டர். புண்ணைத் துடைத்துக் கட்டிய நேர்ஸ் பிள்ளை, என்ன காலுறை, என்ன சப்பாத்து என்று ஒவ்வொன்றாய்க் கேட்டு, எல்லாம் சரிதானே என்று யோசித்தது. பிறகு, இரவில் சப்பாத்து எங்கே இருக்கும் என்று கேட்டது.

மதுஜா, எனக்கு அப்போதுதான் உறைத்தது. செருப்பு, சப்பாத்து வீட்டுக்குள் வரக் கூடாது என்பது என்னுடைய சட்டம். படிக்கட்டில் வைத்தோம், கட்டடத்தைப் பார்க்கிற அப்வார்ட் வந்து அங்கே ஒன்றும் வைக்கக் கூடாது என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து பால்கனி. நனைந்த சப்பாத்து இரவு முழுக்க அங்கே கிடந்து கல்லாய் இறுகும், அதற்குள்தான் அவர் தினமும் காலை நுழைத்துக்கொண்டு போயிருக்கிறார். போன வருசம் ஒருநாள் ஹீட்டருக்குக் கீழே கொண்டுவந்து வைத்தார். மேலே சாமித்தட்டு இருக்கிறது, உங்களுக்குக் கண் தெரியவில்லையா என்று நான் போட்ட சத்தத்தில் திரும்பப் பால்கனிக்கே எடுத்துக்கொண்டு போனார். உன் காலுறையும் உறையும் என்ன செய்யும், பாவம்.

நேர்ஸ் கேட்டதும் அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. வெளியில பால்கனியில, எனக்கு அப்பிடித்தான் பழக்கம் என்று தன் தலையில் போட்டுக்கொண்டு டொச் பாஷையில் சொன்னார். ட்ராமில் வரும்போதும் ஒரு வார்த்தை குத்திக் காட்டவில்லை. என்னைத் திட்டியிருந்தால் எனக்கு இவ்வளவு நொந்திருக்காது.

வீட்டுக்கு வந்ததும் சப்பாத்தை உள்ளே எடுத்து, உள்ளங்காலுக்கு இருக்கும் மெத்தைத் தகட்டை உருவி, பழைய பேப்பரைத் திணித்து ஹீட்டரடியில் வைத்தேன். சாமித்தட்டை அறைக்குள் மாற்றியிருக்கிறேன், அங்கே அம்மனுக்கும் இடம் தாராளம். காயம் ஆறும்வரை அப்பாவுக்கு லீவு. ஆனாலும் நேற்றுக் காலை பழக்கத்தில் பால்கனிக் கதவைத் திறந்து தேடிக்கொண்டு நின்றார். உள்ளே இருக்குது என்று சொன்னேன். வந்து குனிந்து சப்பாத்துக்குள் கையை விட்டுப் பார்த்தார். சுடுது என்று மட்டும் சொன்னார், கையை எடுக்காமல் கொஞ்ச நேரம் அப்படியே இருந்தார்.

நீ சுகமாய், மன நிறைவாய் இருக்க அம்மாவின் ஆசீர்வாதம் என்றும் உண்டு. அப்பாவுக்கு நான் இதெல்லாம் எழுதினேன் என்று காட்டிக்கொள்ளாதே. ஒன்றை மட்டும் மறக்காதே. நான் வளர்த்த பிள்ளை நீ, உன் சப்பாத்தும் இப்போது கதவுக்கு வெளியேதான் கிடக்கும். கடிதத்தை வைத்துவிட்டுப் போய் உள்ளே எடு.

அன்புடன் அம்மா,
இ. தில்லைநாயகி